சைமி வரைந்த கரை

கொர்பியார்வி ஏரியைச் சுற்றி நிற்கும் வீடுகளில் முக்கால்வாசிக்குச் சிவப்புச் சாயம் அடித்தது சைமிதான். ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை, படகின் அடிவயிற்றுக்குத் தார், சமையலறைக் கதவுக்கு வீட்டுக்காரி கேட்கிற ஏதோ ஒரு மஞ்சள். கோடை முழுக்க அவளுக்கு இதே வேலை. ஏரி உறைந்து, சுவரெல்லாம் பனியில் முடங்கிக் கிடக்கும் மாதங்களில் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைவாள். சோபாவுக்கு மேலே மாட்டுகிற அளவில் ஏரி, கரை, ஒரு படகுத்துறை, பின்னால் காடு. வீட்டுக்குச் சாயம் அடிக்கிறவள் படமும் வரைகிறாளே என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். சைமிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரண்டும் பெயிண்ட், இரண்டுக்கும் பிரஷ், இரண்டும் காய வேண்டும் என்பாள்.

தன் படத்தைப் பற்றி அவளுக்கு அடக்கம் என்பதே கிடையாது. "என் படத்துல இருக்கற கல்லு மேல நீ போய் உக்காரலாம், அங்கதான் இருக்கும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். நகரத்திலிருந்து சைக்கிளில் படம் கட்டிக்கொண்டு வந்து வீடு வீடாக விற்கும் ஆட்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அவர்கள் படத்தில் எந்த ஏரியிலும் இரண்டு அன்னம் மிதக்கும், எந்தக் கரையிலும் ஒரு காட்டுமான் தண்ணீர் குடிக்கும், சூரியன் எப்போது பார்த்தாலும் மறைந்துகொண்டே இருக்கும். சைமியிடம் வந்து அன்னம் கேட்டவர்களும் உண்டு. "நான் உக்காந்து வரைஞ்ச அன்னைக்கு அன்னம் வரல. உனக்கு வேணும்னா போய் கூட்டிட்டு வா, வரையறேன்" என்று அனுப்பிவிடுவாள். இல்லாததை வரைந்ததில்லை என்பதுதான் அவளுடைய ஒரே கொள்கை. மற்றபடி தேவாலயத்துக்குக்கூட அவள் ஒழுங்காகப் போனதில்லை.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அது மீன்.

முதுகில் கறுப்புப் பட்டையும் சிவந்த துடுப்பும் உள்ள அஹ்வென் மீன் எங்கள் ஏரியில் எல்லாத் துறையிலும் கிடைக்கும். விரல் நீளம் கிடைக்கும், பூனைக்குப் போடலாம். சைமி கொண்டுவருவது முழங்கை நீளம். ஏரியின் நடுவே ஆழமான தண்ணீருக்கு அடியிலிருந்து திடீரென்று எழும்பி நிற்கும் ஒரு பாறைத்திட்டு அவளுக்குத் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியாது, மற்ற இடம் போல அதுவும் கறுப்புத் தண்ணீர்தான். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள், காற்று படகை இழுத்துக்கொண்டு போனபோது நங்கூரக் கல்லைத் தூக்கிப் போட்டாள். கயிறு முழுசாக ஓடும் என்று நினைத்தால் கொஞ்சம் போனதுமே கல் நங்கென்று உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையது.

திறந்த தண்ணீரில் ஓர் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு பொருள்களை ஒற்றைக் கண்ணால் பார்த்து ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும். அது ஒரு கோடு. வேறு பக்கம் இன்னும் இரண்டு பொருள்கள், அது இன்னொரு கோடு. இரண்டும் ஒரே சமயத்தில் பொருந்துகிற இடத்தில் கல்லைப் போட்டால் நேற்று போட்ட அதே இடம். சைமியின் திட்டுக்கு அடையாளம் இதுதான்: இடப்பக்க முனையில் இரண்டாகப் பிளந்து நிற்கும் பாறையின் பிளவுக்குள் சர்ச் கோபுரம் வந்து உட்கார வேண்டும், வலப்பக்கத் தீவிலிருக்கும் கோணல் பைன் மரம், பின்னால் கரையில் நிற்கும் களஞ்சியத்தின் சிவப்பு முகப்பைச் சரிபாதியாக வெட்ட வேண்டும். இதை அவள் தன் புருஷன் வில்யோவிடம்கூடச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மீன் வறுபட்டு வந்தால் போதும் என்கிற மனுஷன் அவன்.

ஊரார் சும்மா இருப்பார்களா? பின்னாலேயே படகு விட்டுப் பார்த்தார்கள். சைமி நேராகப் போகவே மாட்டாள். தீவைச் சுற்றுவாள், நாலு இடத்தில் கல்லைப் போடுவாள், அதில் மூன்று இடம் ஏமாற்று. ஏமாற்று இடத்திலும் சளைக்காமல் தூண்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் மேல் ஒரு படகு தெரியும், எவ்வளவு தூரத்தில் என்பது பிடிபடாது.

எல்லோரிலும் அதிகம் தேடியவன் தாவெத்தி. வெட்டிய மரங்களை ஏரி வழியாக ஆலைக்கு மிதக்கவிடும் கும்பலுக்கு மேஸ்திரி. சைமி வீடு திரும்பும் வழியில்தான் அவன் துறை. சாயங்காலம் ஆனால் அங்கே ஒரு பெஞ்சில் புகைக்குழாயோடு உட்கார்ந்திருப்பான். அவள் படகு எதிரே வந்ததும் கத்துவான்:

"எங்க புடிச்ச?"

"தண்ணியில."

அவ்வளவுதான் பேச்சு. கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. ஒரு கோடைக்காலம் இல்லை, இரண்டு கோடைக்காலம் இல்லை, இருவரும் வாலிபத்தில் தொடங்கி நரை விழும்வரை இப்படியே ஓடியது.

நடுவில் போர் வந்தது. அதன் கடைசிக் கோடையில் வில்யோ போர்முனைக்குப் போனான், திரும்பவில்லை. ஊர் முழுக்க வந்து தலையைக் குனிந்துகொண்டு சைமியின் கையைப் பிடித்தது. பிறகு அவளிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதையில் அவள் வருவதைப் பார்த்தால் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பயம். நாள் கணக்கில் அவள் ஏரிப்பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் போனாள், இரண்டு மீனோடு திரும்பினாள். தாவெத்தியின் துறையை நெருங்க நெருங்க இவனும் தலையைக் குனிந்துகொள்வான் என்று நினைத்தாள். அவன் எழுந்து நின்று, எப்போதும்போல ஏரியே அதிரும்படி கத்தினான்.

"எங்க புடிச்ச?"

சைமி துடுப்பை அப்படியே விட்டுவிட்டாள். படகு தானாக மிதந்தது. அவன் பதிலுக்காக அப்படியே நின்றான். பொறுமையாக நின்றான். "தண்ணியில" என்று ஒருவழியாகச் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, மீனை அறுத்து, வெண்ணெயில் வறுத்துத் தின்றாள். அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் அழுததாக யாரும் சொல்லவில்லை.

தாவெத்திக்கு ஐம்பது வயது ஆன வருஷம்தான் எல்லாம் குழம்பியது.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எங்கள் பக்கத்தில் யாரையும் அழைப்பதில்லை, எல்லோரும் வந்துவிடுவார்கள். வாசலில் கொடி ஏறும். வீட்டுக்காரி ஏழு வகைப் பலகாரம் சுட்டு வைத்திருப்பாள். ஆறோடு நிறுத்தினால் அதைப் பற்றி அடுத்த ஐம்பது வரை பேசுவார்கள். ஊர் சேர்ந்து ஒரே பரிசு கொடுக்கும். அந்தப் பரிசு பெரும்பாலும் படம்தான், அதுவும் அவரவர் கரையின் படம். ஜன்னலைத் திறந்தால் அதே கரை கண்ணெதிரே இருக்கும். இருந்தாலும் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் அது சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் ஐம்பது ஆனதாக அர்த்தம்.

கூட்டுறவுக் கடையில் நிற்கும் கெர்த்துதான் இந்த மாதிரி காரியங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள். வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்ததுமே சைமியைத் தேடி வந்துவிட்டாள்.

"அக்கா, தாவெத்தியண்ணன் கரைய ஏரியில இருந்து பாக்கற மாதிரி வரையணும். துறை, சவுனா, வீடு எல்லாம் தெரியணும். அப்புறம் முன்னால ரெண்டே ரெண்டு அன்னம்..."

"கெர்த்து."

"சின்னதா போதும்க்கா."

"கடையில மாவு எடை போடறப்ப இல்லாத மாவ இருக்குன்னு சொல்லுவியா?"

"சரி சரி, அன்னம் வேணாம்" என்று கெர்த்து போய்விட்டாள். போகும்போது கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

சைமி படகில் பலகையை ஏற்றிக்கொண்டு போனாள். எங்கிருந்து பார்த்தால் அந்தக் கரை மிக அழகு என்று அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்கு அது தெரியும். இத்தனை வருஷமாகச் சாயங்கால வெளிச்சத்தில் அவள் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஓர் இடத்திலிருந்துதான். கல்லைப் போட்டாள், ஒரு பக்கம் தூண்டிலையும் போட்டாள், வரைய உட்கார்ந்தாள். நடுவில் தாவெத்தியின் ஆவிக்குளியல் குடிலான சாம்பல் நிறச் சவுனா, அதன் முன்னால் துறை, துறையில் பெஞ்சு. இடப்பக்கம் பிளந்த பாறை. வலப்பக்கம் தீவு, கோணல் பைன். தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. கோபுரத்தைப் பிளவுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி வைத்திருந்தால்கூட அவள் கண்ணுக்கே உறுத்தியிருக்கும். கை தானாக அதை உள்ளே கொண்டுபோய் வைத்தது. அவள் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். அவளே சொன்னாள், ஒருமுறை அல்ல.

பிறந்தநாளன்று தாவெத்தியின் பெரிய அறையில் நிற்க இடமில்லை. அவன் மனைவி ஹில்க்கா காப்பிக் குடத்தோடு ஆட்களின் தோளுக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தாள். கெர்த்து ஒரு சின்ன உரையாற்றிவிட்டுத் துணியை விலக்கினாள். எல்லோரும் "ஆகா" என்றார்கள். சைமி மூலையில் காப்பிக் கிண்ணத்தோடு, இன்னும் யாராவது ஆகா சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாவெத்தி படத்துக்குப் பக்கத்தில் போனான். தன் துறையைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்துச் சிரித்தான். பிறகு இரண்டடி பின்னால் வந்தான். ஒரு கண்ணை மூடினான். தலையை இடப்பக்கம் சாய்த்தான், வலப்பக்கம் சாய்த்தான். ஒரு மனுஷன் வீட்டுக்குள் நின்று படம் பார்க்கிற விதம் அல்ல அது. படகில் நிற்கிறவன் பார்க்கிற விதம்.

சைமியின் கையில் கிண்ணம் அப்படியே நின்றுவிட்டது. அவளும் படத்தைப் பார்த்தாள், முதல்முறையாக மீன் பிடிக்கிறவளின் கண்ணால். பிளவுக்குள் கோபுரம். பைன் மரத்தின் பின்னால் பாதிக் களஞ்சியம். தன் ரகசியத்தைத் தானே சட்டம் போட்டு, ஊர்ச் செலவில், எதிராளியின் சுவரில் மாட்டிவிட்டிருந்தாள்.

தாவெத்தி திரும்பி அவளைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு சைமி" என்றான். "எல்லாம் அது அது இருக்கற எடத்துல இருக்கு."

அடுத்த நாளே சைமி காவல் உட்கார்ந்தாள். தீவின் மறைவில் படகைக் கட்டிக்கொண்டு திட்டைப் பார்த்தபடி இருந்தாள். வரட்டும், கையும் களவுமாகப் பிடித்துக் கேட்கிற கேள்வியில் அவன் புகைக்குழாய் தண்ணீரில் விழ வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். தாவெத்தி வரவில்லை. அன்று வரவில்லை, அந்த வாரம் வரவில்லை. கோடை நடுநாள் விழாவுக்கு ஊரே கரையில் தீ வளர்த்து ஆடியபோதுகூட அவன் படகு கட்டிய இடத்திலேயே கிடந்தது.

ஆனால் வேறொன்று நடந்தது. அவன் கேட்பதை நிறுத்திவிட்டான்.

சைமி மீனோடு துறையைக் கடப்பாள். அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வான். பிறகு புகைக்குழாயைக் குடைய ஆரம்பித்துவிடுவான். முதல் நாள் அவளுக்கு அது பிடிபடவில்லை. இரண்டாம் நாள் துடுப்பை மெதுவாகப் போட்டாள், ஒருவேளை கேட்கவில்லையோ என்று. பிறகு ஒருநாள் இருந்ததிலேயே பெரிய மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"நல்ல மீனு" என்றான் தாவெத்தி.

அவ்வளவுதான். சைமி வீட்டுக்கு வந்து மீனைப் பலகைமேல் போட்டாள், அதை அறுக்கக்கூடத் தோன்றவில்லை. திட்டு போனால் போகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. மீன் அங்கே எல்லோருக்கும் போதும். ஆனால் அந்தக் குரல்? நாள் முழுக்க யார் யாருடைய சுவரிலோ பிரஷ்ஷை இழுத்துவிட்டு, பேச ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்புகிறவளுக்கு, ஏரிமேல் வரும் அந்த ஒரே ஒரு கேள்விதான் அன்றைய பேச்சு. அதைத் தானே வரைந்து தொலைத்துவிட்டோம் என்பதுதான் அவளை அரித்தது.

இப்படி இருக்கும்போது கெர்த்து கடையில் வைத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சொன்னா வருத்தப்படாதீங்கக்கா. தாவெத்தியண்ணன் வீட்டுல உங்க படம் மேல காலண்டர் தொங்குது."

"படத்துக்குப் பக்கத்துலயா?"

"மேலயேக்கா. இடப்பக்கம் பூரா மறைஞ்சு போச்சு. காப்பிக் கம்பெனி குடுத்த காலண்டர். நான்தான் அப்பவே சொன்னேன், ரெண்டு அன்னம் இருந்திருந்தா..."

சைமி வாங்க வந்த சர்க்கரையைக்கூட வாங்கவில்லை. வீட்டுக்குப் போய் வார்னிஷ் டின்னையும் பெயிண்ட் பெட்டியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு நேராகத் தாவெத்தி வீட்டுக்குப் போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது. திட்டைக் கண்டுபிடித்தான், போகட்டும். பேசுவதை நிறுத்தினான், போகட்டும். தன் படத்தின்மேல் காலண்டரா?

"வார்னிஷ் போட வந்தேன்" என்றாள் வாசலில் நின்று.

தாவெத்தி காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "காய்றதுக்கு ஒரு வருஷம் ஆகும்னு நீதானே சொன்ன? இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகல."

"என் படம், எனக்குத் தெரியும் எப்ப காயும்னு." உள்ளே போய் சோபாமேல் ஏறி நின்று காலண்டரைப் பிடுங்கினாள். "இது என்ன? இதுக்கு என்ன அர்த்தம்? புடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல? சுவத்துல வேற ஆணியே இல்லயா உன் வீட்டுல?"

ஹில்க்கா சத்தம் கேட்டு வந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன், அத எடுங்க, சைமி பாத்தா வெட்டிப் போட்டுருவான்னு. காதுல வாங்கினாத்தானே."

"கீழ எறங்கு சைமி" என்றான் தாவெத்தி. "இந்த சோபாவுல யாரு யாரு வந்து உக்கார்றாங்கன்னு தெரியுமா உனக்கு? மரம் மெதக்கவிடற பயலுக பூராவும் இங்கதான் காப்பி குடிக்கறானுங்க. அத்தன பேரும் தூண்டில் போடறவனுங்க. எல்லாவனுக்கும் கண்ணு இருக்கு. ஒரு கோடு தெரிஞ்சா ஒண்ணும் ஆகாது. ரெண்டும் தெரிஞ்சா அடுத்த ஞாயித்துக்கெழம உன் திட்டு மேல சந்தைதான்."

சைமி சோபாமேலேயே நின்றாள். கையில் காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது.

"உனக்கும்தான் கண்ணு இருக்கு. நீ ஏன் போகல?"

"போனா புடிச்சுருவேன்ல."

"புடிச்சா என்ன?"

தாவெத்தி காப்பிக் கிண்ணத்துக்குள் பார்த்தான். "புடிச்சிட்டா அப்புறம் சாயங்காலத்துல உங்கிட்ட என்னத்த கேக்கறது?"

"இப்பவும்தான் கேக்கறதில்ல."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது? வாயத் தொறக்கறேன், வர மாட்டேங்குது. பொய் மாதிரி இருக்கு."

சைமி இறங்கி சோபாவிலேயே உட்கார்ந்தாள். ஹில்க்கா அவள் கேட்காமலேயே ஒரு கிண்ணம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஏலக்காய் ரொட்டியும் வைத்தாள். சைமி ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றாள், இரண்டாவது கிண்ணமும் குடித்தாள். அதற்குள் அவள் முகம் பழைய முகமாகிவிட்டது.

"காலண்டர் இருக்கக்கூடாது" என்றாள்.

"அப்ப ஒரு மரத்த வரைஞ்சு மறைச்சிடு" என்றான் தாவெத்தி.

"அங்க மரம் இல்ல."

"ஒரு மேகம்?" என்றாள் ஹில்க்கா.

"பாறைய மறைக்கற அளவுக்கு மேகம் எறங்கி வருமா ஹில்க்கா? நான் இல்லாதத வரைய மாட்டேன்." ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தீவுப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்துகொண்டிருந்தது. பிர்ச் மரத்தின் இலைகள் எல்லாம் பாறைப் பக்கமாகத் திரும்பி நின்றன. சைமி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சவுனாவுக்குத் தீ மூட்டு."

"செவ்வாக்கெழமையா?" ஹில்க்கா வாயைப் பிளந்தாள். "காலங்காத்தாலயா? ஊர்ல என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். ஈர வெறகா போடு. நல்லா புகையணும். நான் கைய ஆட்டற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு. தாவெத்தி, படத்த எறக்கு. படகத் தள்ளு."

சோபா நீளப் படத்தைப் படகின் பின்பக்கத்தில் சாய்த்து நிறுத்தி, சைமி அதற்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். தாவெத்தி துடுப்புப் போட்டான். துடுப்புப் போடுகிறவனுக்குப் போகிற திசை தெரியாது, விட்டு வந்த கரைதான் தெரியும். ஆகவே அவன் கண்ணெதிரே இரண்டு கரைகள் இருந்தன, ஒன்று சட்டத்துக்குள், ஒன்று வெளியே. சைமி போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. நிஜக் கோபுரம் மெல்ல மெல்லப் பாறைப் பக்கம் நகர்ந்து, பிளவுக்குள் நுழைந்து நின்று, பைன் மரமும் களஞ்சியத்தைப் பாதியாக வெட்டியபோது தாவெத்தி தானாகவே துடுப்பை நிறுத்தினான். நங்கூரக் கல்லைத் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் விடுவது போலத் தண்ணீரில் விட்டான். கயிறு கொஞ்சம் ஓடியது, நின்றது.

"இவ்வளவுதானா?" என்றான். சுற்றிலும் பார்த்தான். "இத்தன வருஷமா இது மேலயே எத்தன தடவ போயிருப்பேன்."

"எத்தன தடவ போனன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் உசிரு போய் உசிரு வந்தது."

கரையில் ஹில்க்கா தன் வேலையைச் செய்தாள். முதலில் மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு இழை எழும்பியது. பிறகு ஈர விறகு பிடித்ததும் புகை பொதபொதவென்று கிளம்பி, காற்றில் இடப்பக்கம் சாய்ந்து, தண்ணீரின்மேல் தவழ்ந்து, பிளந்த பாறையையும் அதன் பின்னால் கோபுரத்தையும் மூடியது. சைமி சட்டத்துக்குள் பிரஷ்ஷை வைத்தாள். இருப்பதைத்தான் வரைந்தாள். வெள்ளையில் துளி நீலம், அடியில் கொஞ்சம் பழுப்பு. கோபுரத்தின் உச்சிச் சிலுவை ஒரு கணம் புகைக்கு மேலே தெரிந்தது. அதையும் விடாமல் வரைந்தாள். எந்த இடத்தில் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு சிலுவை.

தாவெத்தி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். சைமி திரும்பாமலேயே காலால் தூண்டில் கம்பை அவன் பக்கம் தள்ளினாள்.

"நெசமாவா?"

"எனக்கு வேல இருக்கு. நீ சும்மாதானே இருக்க."

முதல் மீன் முழங்கைக்கு மேல் இருந்தது. அதைப் படகுக்குள் தூக்கிப்போட்டபோது ஐம்பது வயது மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண் கலங்கியிருந்தது, ஆனால் புகை அந்தப் பக்கம் வரவே இல்லை.

"நாளைக்குச் சாயங்காலம் கேக்கணும்" என்றாள் சைமி, பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே.

"இப்ப எல்லாமே தெரிஞ்சு போச்சே, இன்னும் எப்படிக் கேக்கறது?"

"வில்யோ போனப்புறம் மொத தடவையா நான் ஏரிக்கு வந்த அன்னைக்குக் கேட்டியே. அன்னைக்கு மீனு எங்க கெடைக்குதுன்னு தெரிஞ்சுக்கவா கேட்ட?"

தாவெத்தி மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இரண்டு தரம் முங்கியது, அவன் இழுக்கவில்லை.

"இல்ல" என்றான்.

"அப்புறம் என்ன? கேளு."

திரும்பும்போது துறையில் கூட்டமே நின்றது. எங்கள் ஊரில் சனிக்கிழமைச் சாயங்காலம் தவிர சவுனாப் புகை எழும்பினால் அதற்கு இரண்டே காரணம்: ஒன்று பிரசவம், இல்லாவிட்டால் பிணத்தைக் குளிப்பாட்டுவது. ஹில்க்காவுக்குப் பிரசவ வயது தாண்டிவிட்டது. கெர்த்து கடையை அப்படியே போட்டுவிட்டு, கையில் கிடைத்த காப்பி ரொட்டியோடு ஓடி வந்திருந்தாள்.

"யாரு செத்தா?" என்று கரையிலிருந்தே அலறினாள்.

"யாரும் சாகல. படத்துக்குப் புகை வேண்டியிருந்தது" என்றாள் சைமி.

கெர்த்து படத்தைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், ஹில்க்காவின் கரி படிந்த முகத்தைப் பார்த்தாள். "சர்ச்சே காணாம போச்சேக்கா! பாதிரியார் என்ன சொல்லுவாரு?" அதற்குள் படகின் அடியில் கிடந்த மீன்கள் கண்ணில் பட்டன. "அம்மாடி, இவ்ளோ பெருசா! இத எங்கண்ணே புடிச்சீங்க?"

தாவெத்தி சைமியைப் பார்த்தான். சைமி படத்தைத் தூக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

"தண்ணியில" என்றான் தாவெத்தி.

மறுநாள் சைமி வேண்டுமென்றே தாமதமாகப் புறப்பட்டாள். நாலு இடத்தில் கல்லைப் போட்டாள், மூன்று ஏமாற்று. திரும்பி வரும்போது ஏரி அசையாமல் கிடந்தது. தூரத்திலேயே பெஞ்சு தெரிந்தது, அதில் தாவெத்தியும், பக்கத்தில் காப்பி குடிக்க வந்த அவனுடைய ஆட்கள் சிலரும் தெரிந்தார்கள். அவள் துடுப்பை ஒரே சீராகப் போட்டாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. துறைக்கு நேராக வந்தாள். தாவெத்தி எழுந்து நின்றான். புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தான்.

"எங்க புடிச்ச?"

தீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

"தண்ணியில!" என்று சைமி அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். ஆட்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன், இத்தனை வருஷமாகக் கேட்டும் இந்தப் பொம்பளையிடம் ஒரு துப்புக்கூட வாங்க முடியவில்லையே மேஸ்திரி என்று தாவெத்தியைக் கேலி செய்தது சைமியின் காதிலும் விழுந்தது. தாவெத்தி உட்கார்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்தான். சைமி வீட்டுக்குப் போய் மீனை அறுத்து வெண்ணெயில் போட்டாள்.